தைவான் போகும் பிள்ளைகளுக்கு ஸ்கூட்டரைப் பற்றியும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கல்விப் பக்கங்களை இங்கே தைவானிலிருந்து இணையத்தில் படித்து வருகிறேன். வெளிநாட்டுப் படிப்பு என்றால் உதவித்தொகை, விசா, ஆங்கிலத் தேர்வு, குளிருக்கு என்ன துணி, புளியும் பருப்பும் எந்தக் கடையில் கிடைக்கும் என்று எல்லாம் எழுதுகிறீர்கள். இங்கே வரும் நம் பிள்ளைகளில் பலர் வந்த சில மாதங்களிலேயே ஏறி உட்காரும் ஸ்கூட்டரைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட வந்து நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளம் அதிகம் என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், காப்பீட்டைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவைத்தால் போதும்.

நான் இருப்பது சிஞ்சு நகரம். 1980இல் தொடங்கிய அறிவியல் பூங்கா இங்கேதான் இருக்கிறது, பக்கத்திலேயே இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள், இரண்டிலும் ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகள் நிறைய. தைபேயில் மெட்ரோ ரயில் இருக்கிறது, வண்டி இல்லாமல் காலம் தள்ளிவிடலாம். சிஞ்சுவில் மெட்ரோ கிடையாது. பேருந்து வரும், ஆனால் இரவு பதினொரு மணிக்குப் பரிசோதனை முடிந்து லேபைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறவனுக்காக அது வராது. அதனால் ஸ்கூட்டர். 2 கோடியே 30 லட்சம் பேர் வாழும் நாட்டில் 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல் இருசக்கர வண்டிகள் ஓடுகின்றன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். காய்கறி வாங்கும் பாட்டியிலிருந்து சில்லு கம்பெனி இன்ஜினியர் வரை எல்லோருக்கும் ஸ்கூட்டர்தான். நானும் ஓட்டுகிறேன், பிடித்துத்தான் ஓட்டுகிறேன். ஆகவே இது "வண்டி ஓட்டாதே தம்பி" என்கிற உபதேசம் இல்லை.

என் பிரச்சினை வண்டியோடு இல்லை, அது கை மாறும் விதத்தோடுதான். படிப்பு முடித்து ஜெர்மனிக்கோ அமெரிக்காவுக்கோ போகிற அண்ணன், தன் பழைய 125 சிசி வண்டியைப் புதிதாக வந்த தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போவார். பாதி விலைக்கு, சில நேரம் சும்மாவே. நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் பெயர் மாற்றுவது கிடையாது. அந்தத் தம்பி முடித்துவிட்டு அடுத்த தம்பிக்குக் கொடுப்பார். இப்படியே மூன்று நான்கு கை மாறிய பிறகு, பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அந்த ஆள் எந்தக் கண்டத்தில் இருக்கிறார் என்பதே யாருக்கும் தெரியாது. காப்பீடு எப்போது முடிந்தது என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஓட்டுகிறவரிடம் தைவான் உரிமமும் இருக்காது. "இத்தனை நாளா யாரும் பிடிக்கல அண்ணா" என்பது பதில். ஊருக்குப் போன் பண்ணும்போது அம்மாவிடம் "பஸ்லதான் போறேன்" என்று சொல்வது தனிக்கதை.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன், பெயரும் பல்கலைக்கழகமும் வேண்டாம். மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலை, சந்திப்பில் வண்டியைத் திருப்பும்போது நேரே வந்த ஒரு அம்மாவின் ஸ்கூட்டரில் மோதிவிட்டார். அந்த அம்மாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது, தம்பிக்கு முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. வண்டி வேறொருவர் பெயரில், காப்பீடு காலாவதி, கையில் உரிமம் இல்லை. அபராதம் வந்தது, அது சின்ன விஷயம். பெரிய விஷயம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. இங்கே கவனக்குறைவால் இன்னொருவருக்குக் காயம் ஏற்படுத்துவது குற்றவியல் சட்டத்தில் வருகிறது. அடிபட்டவர் 6 மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம், கொடுத்தால் வழக்கு. அதனால் பெரும்பாலும் உள்ளூர் அலுவலகத்தில் இருக்கும் சமரசக் குழுவின் முன் உட்கார்ந்து, இழப்பீட்டுத் தொகை பேசி, கையெழுத்துப் போட்டு முடிப்பார்கள். தம்பிக்குச் சீன மொழி வணக்கம் சொல்லும் அளவுக்குத்தான். பேராசிரியரே கூட வந்து மொழிபெயர்த்துப் பேசினார். அந்த அம்மாவும் நல்ல மனுஷி, படிக்கிற பையன் என்று இறங்கி வந்தார். அப்படியும் பல மாத உதவித்தொகை போய்விட்டது, வீட்டில் சொல்லாமல் நண்பர்களிடம் கடன் வாங்கித்தான் கட்டினார்.

இப்போது காப்பீட்டுக்கு வருகிறேன். தைவானில் ஒவ்வொரு ஸ்கூட்டருக்கும் கட்டாயக் காப்பீடு உண்டு, ஆண்டுக்குச் சில நூறு தைவான் டாலர்தான் (ஒரு தைவான் டாலர் நம் பணத்தில் இரண்டரை, மூன்று ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்). விபத்தில் ஒருவர் இறந்தால் 20 லட்சம் டாலர் வரை, சிகிச்சைச் செலவுக்கு 2 லட்சம் டாலர் வரை அது கொடுக்கும். "அப்புறம் என்ன, காப்பீடு பார்த்துக்கொள்ளும்" என்று இதைக் கேட்டவுடன் நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அது யாருக்குக் கொடுக்கிறது என்று பாருங்கள். எதிரே அடிபட்டவருக்கும், நம் பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கும். நாமே சறுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டால் நம் வண்டியின் கட்டாயக் காப்பீட்டிலிருந்து நமக்கு ஒரு காசு வராது. அடுத்தவர் கார் நசுங்கினால் அதற்கும் வராது, உடம்புக்கு மட்டும்தான். இங்கே ஒரு விலை உயர்ந்த காரின் கதவில் உரசினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் உள்ளூர்க்காரர்கள் கூடுதலாக மூன்றாம் நபர் காப்பீடும், ஓட்டுநருக்கான விபத்துக் காப்பீடும் சேர்த்து எடுக்கிறார்கள்.

இன்னொரு விஷயம், இதுதான் முக்கியம். உரிமம் இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தாலும் காப்பீட்டு நிறுவனம் அடிபட்டவருக்குப் பணம் கொடுத்துவிடும். கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை ஓட்டியவரிடம் திருப்பிக் கேட்கும். சட்டமே அந்த உரிமையை அதற்குக் கொடுத்திருக்கிறது. குடித்துவிட்டு ஓட்டினாலும் இதே கதைதான். காப்பீடே இல்லாத வண்டி என்றால், அடிபட்டவருக்கு இழப்பீடு கொடுக்கத் தனியாக ஒரு நிதி அமைப்பு இருக்கிறது. அதுவும் கொடுத்துவிட்டு மோதியவரிடம்தான் வசூலிக்க வரும். அதாவது, உரிமம் இல்லாதவரைப் பொறுத்தவரை அவர் தலைக்கு மேல் எந்தக் குடையும் இல்லை. மருத்துவக் காப்பீட்டிலும் ஒரு இடைவெளி உண்டு: புதிதாக வரும் மாணவர்கள் தேசிய சுகாதாரக் காப்பீட்டில் சேர 6 மாதம் இங்கே வசித்திருக்க வேண்டும். சாலையே பழகாத அந்த முதல் ஆறு மாதத்தில்தான் பல பேர் முதன்முதலாக வண்டியை எடுக்கிறார்கள்.

"ஊரில் லைசென்ஸ் இருக்கிறதே, பன்னாட்டு அனுமதிப் புத்தகமும் ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கி வந்திருக்கிறேனே" என்பார்கள். தைவான் வெளிநாட்டு உரிமங்களை ஏற்பது பரஸ்பரக் கணக்கில். எந்த நாடு தங்கள் உரிமத்தை மதிக்கிறதோ அந்த நாட்டு உரிமத்தைத் தாங்களும் மதிப்பார்கள். அந்தச் சின்னப் புத்தகத்தை நம்பி யாரும் வண்டியைக் கிளப்ப வேண்டாம். தேர்வு எழுதி உள்ளூர் உரிமம் வாங்குவதுதான் வழி. அது மலையைப் புரட்டும் வேலையும் இல்லை. வசிப்பு அட்டை, புகைப்படம், ஒரு மருத்துவப் பரிசோதனைத் தாள், பாதுகாப்பு வகுப்பு ஒன்று. பிறகு கணினியில் 50 கேள்விகள், ஆங்கிலத்திலேயே எழுதலாம், 100க்கு 85 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. கேள்வி வங்கி முழுவதையும் அரசே இணையத்தில் போட்டிருக்கிறது. எழுத்துத் தேர்வும் ஓட்டிக் காட்டும் தேர்வும் சேர்த்துக் கட்டணம் 250 டாலர். நம் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை பிரியாணிக்குச் செலவழிப்பதைவிடக் குறைவு. இந்த ஒரு உரிமத்தில் 250 சிசி வரை ஓட்டலாம்.

ஓட்டிக் காட்டும் தேர்வு கொஞ்சம் வேடிக்கையானது. நம் ஊரில் எட்டு போட்டுத்தானே லைசென்ஸ் வாங்கினோம்? இங்கே ஏழு. 15 மீட்டர் நீளத்துக்கு ஒரு குறுகலான தடம் வரைந்திருப்பார்கள், அதை 7 விநாடிக்குக் குறையாமல் மெதுவாகக் கடக்க வேண்டும், கால் ஊன்றக் கூடாது, கோட்டைத் தொடக் கூடாது. சர்ரென்று போவதில் மன்னர்களான நம் ஆட்கள் பலர் இதில்தான் மண்ணைக் கவ்வுகிறார்கள். மெதுவாகப் போவதற்கும் ஒரு கை வேண்டும், பின் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு கண்ணைத் தூரத்தில் வைத்தால் வந்துவிடும். தோற்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி போகலாம். அதற்குப் பிறகு வரும் சிவப்பு விளக்கு, பாதசாரிக் கோடு, ரயில்வே கேட், தடம் மாறுவது எல்லாம் திரும்பிப் பார்க்கிறோமா, இண்டிகேட்டர் போடுகிறோமா என்பதைச் சோதிப்பவை. நம் ஊர்ப் பழக்கத்தில் நாம் மறக்கிற இரண்டும் அவைதான்.

சாலைக்கு வந்தால், முதலில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். இதற்கு எல்லோரும் தயாராகத்தான் வருகிறார்கள், இரண்டு நாளில் பழகிவிடும். பழகாதது வேறு. ஊரில் சிவப்பு விழுந்தாலும் "ஃப்ரீ லெஃப்ட்" என்று இடது பக்கம் நழுவிப் போய்ப் பழகிய கை, இங்கே அதே மாதிரி வலது பக்கம் நழுவப் பார்க்கும். சிவப்பில் வலது திரும்புவதும் இங்கே சிவப்பைத் தாண்டிய குற்றம்தான். போலீஸ்காரர் நிற்கவில்லையே என்று நினைக்க வேண்டாம். பின்னால் வருகிற காரின் டாஷ்கேமில் பதிவாகியிருக்கும், அந்த ஓட்டுநர் ஏழு நாளுக்குள் காவல்துறையின் இணையதளத்தில் ஏற்றினால் அபராதச் சீட்டு வீட்டுக்கு வந்துவிடும். யார் வீட்டுக்கு? வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர் வீட்டுக்கு. ஜெர்மனியில் இருக்கும் அண்ணனின் பழைய முகவரிக்கு!

அப்புறம் இடது திருப்பம். வலப்பக்கம் ஓட்டுவதால் இங்கே எதிரே வருகிறவர்களை வெட்டிக்கொண்டு போகும் திருப்பம் இடதுதான், நம் ஊர் வலது திருப்பம் மாதிரி. பெரிய சாலைகளில் ஸ்கூட்டர் அப்படி நேராகத் திரும்பக் கூடாது. பச்சையில் நேரே போய், சந்திப்பின் அந்தப் பக்கத்து வலது மூலையில் தரையில் வரைந்திருக்கும் கட்டத்துக்குள் வண்டியைத் திருப்பி நிறுத்தி, குறுக்குச் சாலைக்குப் பச்சை விழுந்ததும் கிளம்ப வேண்டும். இரண்டு கட்டமாகத் திரும்புவது. இதற்கான பலகை இருக்கும். உள்பக்கத் தடத்தில் "மோட்டார் சைக்கிள் கூடாது" என்று தரையிலேயே எழுதியிருப்பார்கள், ஆனால் சீன எழுத்தில். இந்த விதியை எதிர்த்துத் தைவான் இளைஞர்களே போராட்டம் நடத்துகிறார்கள், ஸ்கூட்டரை எப்போதும் ஓரத்துக்கே தள்ளுகிறார்கள், ஓரத்தில்தான் பேருந்து நிறுத்தமும் நிறுத்திவைத்த கார்களும் வலது திரும்பும் லாரிகளும் இருக்கின்றன என்று. எனக்கும் அவர்கள் சொல்வது பாதிக்கு மேல் சரி என்றே படுகிறது. லாரி வலது பக்கம் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரம் போன வழியே போகாது, உள்ளே ஒதுங்கி வரும், அந்த இடைவெளியில் நிற்கும் ஸ்கூட்டரை அது பார்க்காது. ஆனால் விதி மாறும் வரை விதி விதிதான். வெளிநாட்டு மாணவருக்கு அதை மீறிப் பார்க்கும் சலுகை இல்லை.

சிஞ்சுவுக்கு வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: இங்கே காற்று. காற்று நகரம் என்றே இதற்குப் பெயர். அக்டோபரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கினால் குளிர்காலம் முழுக்க அடிக்கும். அந்தக் காற்றில்தான் சீமைப்பனிச்சை (பெர்சிமன்) பழத்தையும் அரிசிச் சேமியாவையும் காயவைத்துப் பேர் வாங்கியிருக்கிறார்கள். நமக்குப் பாலத்தின் மேல் போகும்போது ஸ்கூட்டரைப் பக்கவாட்டில் ஒரு தள்ளுத் தள்ளும். நூறு கிலோ வண்டிதானே. மழையும் சேர்ந்தால் சாலையில் பூசிய வெள்ளைக் கோடுகளும் சாக்கடை மூடிகளும் வழுக்கும், அவற்றின் மேல் பிரேக் பிடிக்கவே கூடாது. மழைக்கோட்டு விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காமல் நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஹெல்மெட் பற்றி நான் எழுதத் தேவையில்லை, 1997 ஜூனிலிருந்து இங்கே ஓட்டுகிறவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம், போடாமல் போகும் ஆளை நகரத்தில் பார்ப்பதே அரிது. குடி விஷயத்தில் அளவு மிகக் குறைவு: மூச்சில் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் வந்தால் அபராதம், 0.25 வந்தால் குற்ற வழக்கு. ஒரு பீர்தானே என்ற பேச்சு இங்கே செல்லாது.

விபத்து நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் யாராவது தமிழில் எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆம்புலன்சுக்கு 119, போலீசுக்கு 110. சின்ன விபத்து, கைகுலுக்கிப் போய்விடலாம் என்று எதிராளி சொன்னாலும் போலீஸைக் கூப்பிட வேண்டும். காயம்பட்ட ஆளை விட்டுவிட்டுப் போனால், தப்பு நம்முடையது இல்லை என்றாலும் ஓடிப்போன வழக்கு ஆகிவிடும். வண்டிகள் கிடக்கும் நிலையைப் படம் எடுக்காமல் நகர்த்தக் கூடாது. போலீஸ் வந்து வாக்குமூலம் வாங்கி, விபத்தில் சம்பந்தப்பட்டவர்களின் விவரம் உள்ள ஒரு சீட்டைக் கொடுப்பார்கள், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். 7 நாள் கழித்து இடத்தின் வரைபடத்தையும் படங்களையும், 30 நாள் கழித்து யார் மேல் என்ன தவறு என்ற முதற்கட்ட ஆய்வுத் தாளையும் கேட்டு வாங்கலாம். சமரசப் பேச்சில் அந்தத் தாள்தான் பேசும். சீன மொழி தெரியாமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது. பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் இருக்கிறது, லேபில் தைவான் நண்பர்கள் இருக்கிறார்கள், வெட்கப்படாமல் கூப்பிட வேண்டும். இந்த ஊர்க்காரர்கள் அப்படிக் கூப்பிட்டால் நடு ராத்திரியிலும் வந்து நிற்பார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். தைவான் உதவித்தொகை பற்றி அடுத்த முறை எழுதும்போது, கடைசியில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது இதைப் போடுங்கள்: உள்ளூர் உரிமம் வாங்காமல் ஓட்டினால் இழப்பீடு உங்கள் தலையில். பெற்றோர் கண்ணில் பட்டால் இன்னும் நல்லது. "வண்டி ஓட்டுறியா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் உண்மை சொல்லாது, "லைசென்ஸ் எடுத்துட்டியா?" என்று கேட்டால் ஒருவேளை சொல்லும்.

இதைப் படிக்கிற, ஊருக்கோ வேறு நாட்டுக்கோ கிளம்பத் தயாராக இருக்கும் இங்குள்ள தம்பி தங்கைகளுக்கும் ஒன்று. வண்டியைக் கொடுத்துவிட்டுப் போகும்போது வாங்குகிறவரையும் கூட்டிக்கொண்டு மோட்டார் வாகன அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வந்துவிடுங்கள். அபராத பாக்கி, எரிபொருள் கட்டணப் பாக்கி (125 சிசி வண்டிக்கு ஆண்டுக்கு 450 டாலர்) இருந்தால் கட்டிவிட வேண்டும், காப்பீடு நடப்பில் இருக்க வேண்டும், வண்டிக்கு ஐந்து வயது தாண்டியிருந்தால் ஆண்டுதோறும் செய்யும் புகைப் பரிசோதனையையும் பார்த்துவிடுங்கள், அது இலவசம். எல்லாம் சரியாக இருந்தால் அலுவலகத்தில் வேலை சீக்கிரம் முடிந்துவிடும், பெரும்பாலும் அவர்களே படிவத்தை நிரப்ப உதவுவார்கள். வாங்குகிறவரிடம் உரிமம் இல்லை என்றால், அவர் எடுக்கும் வரை சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவைத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
சிஞ்சு, தைவான்.